வலை கிழிந்த இடங்கள்

ஜனவரி 8. நீர்மட்டம் 91 அடி

இன்று காலை பத்தரை மணிக்கு மின் கழகத்து ஜீப் வந்து, வெள்ளியம்பாறை அணைத் தண்ணீரின் மேல் சூரியத் தகடுகளை மிதக்கவிடப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனது.

அணையில் மீன் பிடிக்கும் குத்தகை என் பெயரில் இருக்கிறது. இருபத்தாறு வருஷமாக நான்தான் எடுத்து வருகிறேன். இந்தத் தவணையில் இன்னும் மூன்று வருஷம் பாக்கி. நாற்பத்திரண்டு பரிசல், கரையில் ஒரு எடைக் கொட்டகை, ஒரு லாரி. சைக்கிளில் கூடை கட்டி ஊர் ஊராக மீன் விற்றவன் இவ்வளவுக்கு வந்திருக்கிறேன். அதனால் ஜீப் போனதும் முதல் வேலையாக ஈரோட்டு வக்கீலுக்குப் போன் போட்டேன். "அவங்க வர்றது, பேசறது எல்லாத்தையும் தேதி போட்டு எழுதி வையுங்க. நாளைக்குக் கோர்ட்டுல காட்டலாம்" என்றார். லாரி ஷெட்டில் பழைய டைரி ஒன்று கிடந்தது. எழுத ஆரம்பித்திருக்கிறேன்.

வந்தவர் தமயந்தி என்ற பொறியாளர். நாகர்கோவில் பக்கம். வயது முப்பத்தைந்து இருக்கும். ஜீப்பின் மூக்கில் வரைபடத்தை விரித்து, "உங்க தொழிலுக்கு இடைஞ்சல் இல்லாத இடமா பாத்திருக்கோம் சார். நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்று விரலை வைத்தார்.

விரல் ஏழுகல் மூலையில் இருந்தது.

பரிசல்காரர்களுக்குத் தலைவன் மாதையன் பக்கத்தில் நின்றான். நான் அவனைப் பார்த்தேன். அவன் வானத்தைப் பார்த்தான்.

"நல்ல இடங்க" என்றேன்.

ஜீப் மேடு ஏறி மறைந்ததும் மாதையன் கேட்டான்: "ஏனுங்ணா, அதையா நல்ல எடம்னீங்க?"

"ஆருக்கு நல்ல எடம்னு நான் சொல்லலையே."

நான்கு பேர் சிரித்தார்கள். ஏழுகல் மூலையில் அணையின் அடியிலிருந்து ஏழு கல் ஊசி மாதிரி எழும்பி நிற்கிறது. தண்ணீர் அறுபத்திரண்டு அடிக்கு மேல் இருக்கும்வரை வெளியே தெரியாது. அங்கே போட்ட வலை முழுசாகத் திரும்பாது. சித்திரையில் தண்ணீர் இறங்கும்போது மிதவை அந்தக் கற்களின் மேல் உட்கார்ந்து முதுகொடியும். கழகம் மூட்டை கட்டும். எதிர்க்கரையில் ஆனைமடு இருக்கிறது. அணையிலேயே ஆழமான இடம் அது. என் பிடிப்பில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. அது என்னிடமே இருக்கும்.

ஜனவரி 9

ஏழுகல்லைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்று நாற்பத்திரண்டு பரிசலுக்கும் மாதையன் மூலம் சொல்லியாயிற்று.

ஜனவரி 21. 88 அடி

வக்கீலை நேரில் பார்த்தேன். ஏழுகல் விஷயத்தை மறைக்காமல் சொன்னேன்.

"அவங்க கேட்டதுக்கு நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

"நல்ல இடம்னு சொன்னேங்க."

"அது அபிப்பிராயம். பொய்யில்ல."

படித்தவர்களிடம் எல்லாவற்றுக்கும் ஒரு சொல் இருக்கிறது. வரும் வழியில் லாரிக்கு இரண்டு டயர் பார்த்தேன். விலை படியவில்லை.

பிப்ரவரி 3. 85 அடி

எட்டு லாரியில் மிதவைகள் வந்து இறங்கின. சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பெட்டிகள், உள்ளே வெறும் காற்று. ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு கையில் வந்தது. இதன் மேல்தான் கண்ணாடித் தகடு, அதன் மேல் வெயில், அதிலிருந்து கரண்ட். எதன் மேல் எது நிற்கிறது என்று யோசித்தால் தலை சுற்றுகிறது.

பக்கத்து ஊர்ப் பெண்கள் முப்பது பேருக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள். பெட்டியோடு பெட்டியைச் சேர்த்து முளை அடிக்கிறார்கள். பூத்தொடுக்கிற வேகம்.

நம் கொட்டகையில் எடை போடும் பாப்பாத்தி கேட்டாள்: "ஏனுங்ணா, அது முழுகறதுக்குத்தான கொண்டாந்திருக்காங்க? அதுக்கு இத்தன அழகா எதுக்குக் கோக்கறாங்க?"

தராசைக் காட்டினேன். கெண்டை வந்து காத்திருந்தது.

பிப்ரவரி 11. 83 அடி

முதல் வரிசையைத் தண்ணீரில் தள்ளினார்கள். ஒன்பது மணிக்குப் போனவன் ஒரு மணிக்குத்தான் திரும்பினேன்.

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கரையில் கிடந்தபோது அது தகடும் பெட்டியும்தான். தண்ணீரில் இறங்கியதும் உயிர் வந்துவிட்டது. சின்ன அலை ஒன்று அடியில் புகுந்தது. இந்த ஓரம் எழும்பி, அந்த எழுச்சி நடு வழியாக ஓடி, அந்த ஓரத்தில் இறங்கியது. இருநூறு தகடு, ஒன்றுகூட முரண்டு பிடிக்கவில்லை. தூங்குகிற மாட்டின் விலாவைப் பார்த்த மாதிரி இருந்தது. நான் இந்தத் தண்ணீரை இருபத்தாறு வருஷமாகப் பார்க்கிறேன். அது மூச்சு விடுவதை இன்றுதான் பார்த்தேன்.

கொட்டகைக்கு வந்ததும் பாப்பாத்தி எடைச் சீட்டை நீட்டினாள். "நீங்க இல்லாம நானே எட போட்டுக்கிட்டேங்க. கலியாண ஊட்டுல பந்தி பாக்க நின்ன மாதிரி நின்னுட்டீங்களாமா?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். எதிராளியின் சரக்கை நேரில் பார்த்து வைப்பது வியாபாரிக்கு அவசியம் என்றேன்.

பிப்ரவரி 17. 81 அடி

வக்கீலுக்காக எழுதுகிறேன்: இன்று பொறியாளருடன் முக்கால் மணி நேரம் பேசினேன்.

இப்போது போடுவது முதல் பாத்தி மட்டும், பன்னிரண்டு ஏக்கர். இது ஓடினால் கடற்கரையில் கழகத்துக்கு இருக்கும் பழைய அனல் நிலையத்தில் ஒரு நாளைக்கு இரண்டு லாரி நிலக்கரி மிச்சம் என்றார். இன்னும் ஒன்பது பாத்தி போட்டு, அங்கே ஒரு உலையையே நிறுத்துவது திட்டம்.

இரண்டு லாரி. எனக்கு லாரி என்றால் என்னவென்று தெரியும். ஏற்ற ஆள், இறக்க ஆள், டீசல், டிரைவர் பேட்டா, வழியில் சாய்ந்தால் கிரேன். அவ்வளவு சரக்கையும் வெயில் தினமும் இங்கே கொண்டு வந்து இறக்கிவிட்டுப் போகிறது. தார்ப்பாய் அவிழ்க்கிற சத்தம்கூட இல்லை. இத்தனை வருஷமும் இறக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. வாங்க ஆள் இல்லாமல் தினமும் வீணாய்ப் போயிருக்கிறது. ஒரு வியாபாரிக்கு இதைவிட வயிற்றெரிச்சல் வேறு வேண்டாம்.

"எத்தன கிலோ இருக்குங்க அந்தக் கரண்டு?" என்று கேட்டேன்.

தமயந்தி சிரிக்கவில்லை. அது எனக்குப் பிடித்தது. "எடை கிடையாது சார். அதான் கஷ்டமே. கரியை அடுக்கி வைக்கலாம். இதை வைக்க இடம் இல்ல. மத்தியானம் கொட்டோ கொட்டுன்னு கொட்டும். சாயங்காலம் ஊரே சுவிட்ச் போடுற நேரத்துக்கு வெறுங்கை."

"மீனும் அப்படித்தானுங்க. வந்தா ஒரேயடியா வரும், வெச்சா நாறும். அதுக்குத்தான் ஐஸ் வாங்கறோம்."

"ஐஸ் எங்கேருந்து வருது?"

"நாப்பது கிலோமீட்டருங்க. வந்து சேர்றதுக்குள்ள நாலுல ஒரு பங்கு ரோட்டுக்குப் படி அளந்துரும்."

அவர் அதைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டார். எதற்கென்று கேட்கவில்லை.

பிப்ரவரி 26, வியாழன். 79 அடி

மிதவை நகராமல் பிடிக்க நங்கூரம் வேண்டும். அதற்கு முங்குகிற ஆள் வந்திருக்கிறான். கித்தேரியான், திருச்செந்தூர்ப் பக்கத்துக் கடற்கரை, இருபத்தெட்டு வயது. சாப்பாடு நம் கொட்டகையில். முதல் வாய் சோறு இறங்கியதும் எல்லோருக்கும் சொந்தக்காரன் ஆகிவிட்டான்.

"அண்ணாச்சி, உங்க தண்ணில உப்பே இல்லியே. பத்தியச் சாப்பாடு மாதிரில்லா இருக்கு" என்றான் என்னிடம். பரிசலைப் பார்த்துவிட்டு மாதையனிடம், "இது என்ன வே, ஆட்டுரல் மாதிரி சுத்திக்கிட்டே கெடக்கு?"

"உங்கூருப் படகு நேராப் போயி எதக் கண்டுச்சாமா?" என்றான் மாதையன்.

"சிலோனைக் கண்டுச்சி."

அவன் சிரிப்பு அடங்கியதும் வேலையைச் சொன்னான். ஏழுகல் மூலையில் அடியில் பாறை இருக்கிறதாம். நங்கூரம் பிடிக்க நல்ல பிடிமானமாம். "திங்கக்கெழம எறங்குதேன். பாறையில தொள போட்டு வளையம் மாட்டணும். நாலு நாள் சோலி."

பாப்பாத்தி தராசை விட்டு வந்து நின்றாள். "அடியில கண்ணு தெரியுங்களா தம்பி?"

"கைய நீட்டுனா கை தெரியும்க்கா. அம்புட்டுதான். மத்ததெல்லாம் தடவித்தான்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. தராசுக்குத் திரும்பிப் போனாள்.

பிப்ரவரி 27

கிழிசல் நோட்டை எடுத்தேன். இது பற்றி வக்கீலுக்குச் சொன்னதில்லை.

எங்கே வலை கிழிந்தாலும் அன்றே அதில் எழுதிவிடுவேன். தேதி, வலையின் எண், எத்தனை ஆள் ஆழம், எந்த இடம். தண்ணீரில் இடம் சொல்வதற்குப் பரிசல்காரர்களிடம் ஒரு வழி உண்டு. வடக்கே பார்த்தால் மதகு மேடையும் அதன் பின்னால் இரட்டைப் பனையும் ஒன்றை ஒன்று மறைக்க வேண்டும்; கிழக்கே பார்த்தால் கரட்டு உச்சிக்கு நேர் கீழே அம்மன் கோயில் விளக்குக் கம்பம் வர வேண்டும். இரண்டு கோடும் முட்டுகிற இடத்தில் பரிசல் இருக்கிறது. ஒரு முழம் பிசகாது.

மொத்தம் நூற்றுப் பதினாறு கிழிசல். தொண்ணூற்றுச் சில்லறை ஏழுகல்லில்.

வலை நட்டத்துக்காக எழுதுகிறேன் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். முதல் பக்கத்தைப் புரட்டவில்லை. என்ன இருக்கிறது என்று தெரியும்.

பிப்ரவரி 28

கட்லா அறுநூறு கிலோ. ரோகு இருநூற்றுப் பத்து. வேறு எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 1, ஞாயிறு. 78 அடி

விற்பனை முடிந்து தராசைக் கழுவும்போது பாப்பாத்தி கேட்டாள்: "அந்தத் தெக்கத்திப் பையங்கிட்டச் சொல்லியாச்சுங்களா?"

"எதம்மா?"

"செரிங்க" என்று வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இருபத்து நான்கு வருஷமாக அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. சம்பளம் கூட நானாகத்தான் ஏற்றுவேன். இந்த ஒரு கேள்விக்கு "எதம்மா" என்று கேட்டுவிட்டேன். எதை என்று எனக்குத் தெரியாதா.

எழுதிவிடுகிறேன். இந்த டைரி கோர்ட்டுக்குப் போகப் போவதில்லை என்று இப்போது தெரிகிறது.

பாப்பாத்தியின் வீட்டுக்காரர் நல்லப்பன். என் முதல் பத்துப் பரிசலில் ஒன்று அவருடையது. 2002 வைகாசிக் கடைசியில், புது வலை வாங்கிய மறுநாள், ஏழுகல்லில் சிக்கிக்கொண்டது. அதுவரை தண்ணீர் அவ்வளவு இறங்கியதில்லை, அங்கே கல் இருப்பது யாருக்கும் தெரியாது. அவர் கரைக்கு வந்து, "தண்ணி வத்தட்டும், எடுத்துக்கலாங்க" என்றார். வலை எட்டாயிரம் ரூபாய். அப்போது என்னிடம் இருந்த முதலில் பாதி. "வலையில்லாம கரைக்கு வராதே" என்றேன்.

அவர் வரவில்லை. மூன்றாம் நாள் எடுத்தோம். இரண்டு கையும் மணிக்கட்டு வரை வலைக்குள் இருந்தது. வலையை அறுத்துத்தான் எடுத்தார்கள்.

நோட்டின் முதல் பக்கம்: '14.6.2002. மதகு மேடை, இரட்டைப் பனை. கரட்டு உச்சி, விளக்குக் கம்பம். எட்டு ஆள். வலை எண் 9. போனது.' அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். ஆள் பெயர் இல்லை.

மறுநாள் ஒரு சட்டம் போட்டேன். எங்கே சிக்கினாலும் அறுத்துவிட்டு வா, கணக்கில் பிடிக்க மாட்டேன். செங்கோடனுக்குத் தாராள மனசு என்று சந்தை முழுக்க என்னைப் பற்றிப் பேச்சு. நானும் மறுக்கவில்லை. தொண்ணூறு வலையை அறுத்துவிட்டு வந்தார்கள். தொண்ணூறு ஆளும் வந்தார்கள். ஆனால் அறுத்த வலை எங்கே போகும்? நைலான் மக்காது. அத்தனையும் அந்த ஏழு கல்லைச் சுற்றித்தான் தொங்குகிறது.

நாளைக் காலை ஒருவன் கையால் தடவிக்கொண்டே அதற்குள் இறங்கப் போகிறான்.

சொன்னால் கழகம் இடத்தை மாற்றும். தகடு வருஷம் முழுக்க மிதக்க வேறு ஒரே ஓர் இடம்தான் உண்டு. அது ஆனைமடு.

மார்ச் 2

ஏழு மணிக்குப் போய்விட்டேன். கித்தேரியான் ரப்பர் சட்டைக்குள் ஒரு கையை நுழைத்திருந்தான்.

"எறங்காதீங்க தம்பி" என்றேன். நோட்டைத் தமயந்தியிடம் கொடுத்தேன்.

அவர் நின்றுகொண்டே நாலைந்து பக்கம் படித்தார். "இது முன்னாடியே உங்ககிட்ட இருந்துதா சார்?"

"இருந்துச்சுங்க."

"அன்னைக்கு நல்ல இடம்னு சொன்னீங்களே."

"பொய் சொன்னேங்க."

அவர் இன்னொரு பக்கத்தைப் புரட்டினார். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஜீப்பின் மூக்கில் வரைபடத்தை விரித்துச் சிவப்புப் பேனாவை எடுத்தார். நான் பனையையும் விளக்குக் கம்பத்தையும் காட்டிக் காட்டிச் சொல்ல, கோடு இழுத்து, முட்டும் இடத்தில் புள்ளி வைத்தார். ஒவ்வொரு கிழிசலுக்கும் ஒரு புள்ளி. ஐம்பது அறுபது புள்ளி வரை அது சும்மா பொரி இறைத்த மாதிரி இருந்தது. பிறகு பொரி கூடக் கூட, ஓரிடத்தில் ஒரு குவியல், பக்கத்தில் இன்னொன்று. பதினொரு மணிக்குப் பேனாவை மூடினார். காகிதத்தில் ஏழு கல் நின்றது.

என் கண்ணை என்னால் நம்ப முடியவில்லை. அணையின் அடியை யாரும் பார்த்ததில்லை. கிழிந்த வலைகள் தடவித் தடவி அதை வரைந்திருக்கின்றன. அளவெடுக்க வந்த கம்பெனி கருவி வைத்த படகை ஐம்பது மீட்டருக்கு ஒரு கோடாக ஓட்டியிருக்கிறது. அந்தக் கோடுகள் அத்தனையும் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே போயிருந்தன. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த ஊசிக் கற்கள் அவ்வளவு ஒல்லி.

"அப்போ எங்க போடுறது?" என்று தமயந்தி தனக்குத்தானே கேட்டார்.

ஆனைமடுவில் நானே விரலை வைத்தேன்.

மார்ச் 3

கித்தேரியான் இடுப்பில் கயிறு கட்டி, கையில் மாதையனின் கத்தியோடு, கற்களுக்கு வெளியே தள்ளி இறங்கினான். பார்த்துவிட்டு வர மட்டும். பத்து நிமிஷத்தில் மேலே வந்து பரிசலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன தம்பி?"

"அண்ணாச்சி, கோயில் கொடைக்குச் சோடிச்ச மாதிரி இருக்கு. வெயில் எட்டுற வரைக்கும் ஒவ்வொரு கல்லுக்கும் சேலை உடுத்தி விட்டுருக்கு. நீலம், பச்சை, வெள்ள. வெயிலு மேலேருந்து எறங்கி அதுல பட்டு அப்படியே ஆடுது. கிட்ட போவச் சொல்லுது." கன்னத்தைத் துடைத்தான். "நேத்து நேரா உள்ள எறங்கியிருந்தேன்னா…" கத்தியை மாதையனிடம் நீட்டினான். "ஒரு டீ சொல்லுங்க. ரெண்டாச் சொல்லுங்க."

மார்ச் 4

மாதையன் வந்தான். உட்காரவில்லை.

"ஆனைமடுவ நீங்களே காட்டிக் குடுத்தீங்களாமா?"

"ஆமா."

"நாப்பத்திரெண்டு ஊட்டுச் சோறுங்க அது. எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"கேட்டிருந்தா வேண்டாம்னிருப்பே."

"வேண்டாம்னுதான் இருப்பேன். அப்பறம் நானே போயிச் சொல்லியிருப்பேன். அந்த எடங்கூட எனக்கு இல்லீங்களா?"

திரும்பி நடந்துவிட்டான். இரண்டு நாளாகப் பரிசல்காரர்கள் எடை போடும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை.

மார்ச் 12. 75 அடி

கித்தேரியான் ஆறு நாளாக வலைகளை அறுத்து மேலே ஏற்றுகிறான், இப்போது நம் ஆட்கள் ஆறு பேரும் கூட. அவனை யாரும் கேட்கவில்லை. கழகத்து வேலையிலும் இது இல்லை. "இப்படியே விட்டுட்டுப் போனா ராத்திரி சொப்பனத்துல வரும்" என்கிறான். பரிசல்காரர்கள் முதல் நாள் கரையில் நின்று பார்த்தார்கள். இரண்டாம் நாள் மாதையன் பரிசலைத் தள்ளிக்கொண்டு போனான்.

கரையில் வலை மலையாகக் கிடக்கிறது. பாசி பிடித்து, நத்தை ஒட்டி, மீன் முள் சிக்கி. கடைசியாக இன்று மத்தியானம் ஒன்று வந்தது. வலைகளுக்கெல்லாம் எண் அடித்த அலுமினியத் தகடு கட்டுவது என் பழக்கம். கித்தேரியான் அதைக் கட்டைவிரலால் தேய்த்துப் படித்தான். "ஒம்பது."

நான் கிட்டப் போகவில்லை. பாப்பாத்தி போனாள். இரண்டு கையாலும் வாரி எடுத்து வந்து தராசில் வைத்தாள். தராசின் சிவப்பு எண் கொஞ்சம் ஓடி நின்றது. மீனுக்குச் சொல்கிற அதே குரலில் சொன்னாள்:

"பதினாலு கிலோ முந்நூறுங்க." பிறகு, "வந்துருச்சுங்க உங்க வலை."

சீட்டு எழுத வேண்டிய இடத்தில் அவள் நின்றாள். நான் கிழிசல் நோட்டை எடுத்து, முதல் பக்கத்தில், ஒன்பதுக்குப் பக்கத்தில், நல்லப்பன் என்று எழுதினேன். அவளுக்குப் படிக்கத் தெரியும். படித்தாள். வலையை இறக்கிவிட்டுத் தராசைக் கழுவினாள்.

ஏப்ரல் 22. 67 அடி

பன்னிரண்டு ஏக்கரும் ஆனைமடுவில் மிதக்கிறது. இந்த மாசம் என் பிடிப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. இதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் மீதியை எழுதும்போது மறந்துவிடுவேன்.

காலை பத்து நாற்பதுக்கு இணைப்புக் கொடுத்தார்கள். பூஜை, தேங்காய், சுண்டல். நான் பெரிய சத்தத்தை எதிர்பார்த்து நின்றேன். ஒரு மோட்டார் போட்டாலே எவ்வளவு சத்தம். தமயந்தி ஒரு பெட்டிக்குள் கையை விட்டார். 'டக்'. அவ்வளவுதான். தண்ணீர் அப்படியே இருந்தது, தகடு அப்படியே இருந்தது, ஒரு கொக்கு மிதவை ஓரத்தில் நின்றது, அதுவும் நகரவில்லை.

"ஆச்சுங்களா?"

"ஓடுது சார்."

"எங்க போகுதுங்க இப்போ?"

"பக்கத்துல யார் கேக்குறாங்களோ அங்கதான் முதல்ல. இந்நேரம் உங்க தராசுல கூட இருக்கும்."

விளையாட்டுக்குச் சொன்னாரோ என்னவோ. நான் கொட்டகைக்கு நடந்தேன். யாரும் இல்லை. தராசு காலியாக இருந்தது. அதில் சிவப்பாக நான்கு பூஜ்யம் எரிந்துகொண்டிருந்தது. எடை இல்லாத சரக்கு. தன் எடையைத் தானே காட்டிக்கொண்டு நிற்கிறது. வெயில் என் தண்ணீரில் இறங்கி, கம்பி ஏறி, இந்தத் தட்டுக்கு வந்து, ஒன்றுமில்லை என்று கணக்குச் சொல்கிறது. வாழ்நாள் முழுக்க எடை போட்டே பிழைத்தவன் நான். அந்தப் பூஜ்யத்தின் முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறேன் போல. பின்னால் பாப்பாத்தி, "தராசுக்கு இன்னிக்கு ஆயுத பூசைங்களா?" என்றாள்.

சாயங்காலம் மாதையன் என்னைப் பரிசலில் ஏற்றி மிதவைக்கு ஓரமாகக் கூட்டிப்போனான். "கையை வுடுங்க" என்றான். விட்டேன். நிழலுக்கு அடியில் தண்ணீர் சித்திரைத் தண்ணீர் மாதிரியே இல்லை, மார்கழி மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தேன். கட்லா, ஒன்றன் பின் ஒன்றாக, வாய் திறந்து மூடிக்கொண்டு, நிழலோடு நிழலாக. வெயிலுக்கு ஒதுங்கியவை.

"உள்ளதான் இருக்குதுங்க நம்ம மீனெல்லாம்" என்றான் மாதையன். "நாமதான் வெளிய இருக்கறோம்."

ஒன்றரை மாசத்துக்குப் பிறகு 'நாம' என்று சொல்லியிருக்கிறான்.

ஏப்ரல் 30

வக்கீலுக்குப் போன் போட்டு வழக்கு வேண்டாம் என்றேன். டைரியைக் கேட்டார். லாரியில் போகும்போது தொலைந்துவிட்டது என்றேன். இது பொய். அபிப்பிராயம் இல்லை.

மே 6. 61 அடி

ஏழுகல்லில் முதல் கல்லின் நுனி தெரிகிறது. ஒரு சாண். அங்கே நீர்க்காகம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. வலை எதுவும் இல்லை.

இன்று மின் கழகத்து அலுவலகத்தில் உட்கார்ந்து பேசி முடித்தோம். அவர்கள் பக்கம் தமயந்தியும் ஒரு பெரிய அதிகாரியும். நம் பக்கம் நானும் மாதையனும். இந்த முறை அவனைக் கேட்காமல் நான் எதற்கும் தலையாட்டவில்லை. அதிகாரி கிழிசல் நோட்டுக்கு என்ன விலை வேண்டும் என்று கேட்டார். அளவெடுக்கும் கம்பெனிக்குக் கொடுத்த தொகையையும் அவரே சொன்னார். பெரிய தொகை. வாய் ஊறியது என்பதை மறைக்கவில்லை. நோட்டில் ஒரு பெயர் இருக்கிறது, அது விலைக்கு இல்லை, நகல் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

முடிவானது இது. இனி வரும் ஒன்பது பாத்திகளுக்கும் நடுவே ஒரு பரிசல் சுற்றிப் போகிற அளவுக்குப் பன்னிரண்டு அடி வழி விடப்படும். முதல் பாத்தியையும் ஆடிக்குள் இரண்டாகப் பிரித்து வழி விடுவார்கள். அந்த வழியில் வலை போடும் உரிமை பரிசல்காரர்களுக்கு, என் குத்தகை முடிந்த பிறகும். கொட்டகைக்குக் கழகம் ஒரு ஐஸ் எந்திரம் வைத்துத் தரும். காலை பத்திலிருந்து மாலை நாலு வரை, வெயில் கொட்டுகிற நேரத்தில் மட்டும் அது ஓடும், சாயங்காலம் ஊர் சுவிட்ச் போடும் நேரத்தில் நாங்கள் ஒரு யூனிட்டும் இழுக்க மாட்டோம். அதன் சாவி பாப்பாத்தியிடம் இருக்கும். கித்தேரியான் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து அடியைப் பார்த்துவிட்டுப் போவான், கூலி கழகத்துடையது, டீ என்னுடையது. நங்கூரக் கயிற்றில் வலை சிக்கினால் அறுத்துவிட்டுக் கரைக்கு வந்து இடம் சொல்ல வேண்டும். வலையின் விலை பாதி அவர்கள், பாதி நான்.